பட்டியும் பாடமும்: பள்ளிக்குப் போகாமல் பண்ணையில் படிக்கும் மூன்று பிள்ளைகள்

‘கால்நடைப் பண்ணை வைத்திருக்கிறோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? சட்டப்படி தப்பா?’ கேள்வி-பதில் பகுதிக்கு இந்தக் கேள்வி கொரோனா காலத்துக்குப் பிறகு அடிக்கடி வருகிறது. இரண்டு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. ஐந்து வருடமாக அப்படிப் பிள்ளைகளை வளர்த்துவரும் ஒரு குடும்பம் திருப்பூர் மாவட்டம் காங்கேயம் வட்டாரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பெயர், ஊர் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் இங்கே அப்பா, அம்மா, ஆத்தா, மூத்தவள், நடுவுலவன், சின்னவள், அவ்வளவுதான்.

அப்பா டிப்ளமோ படித்துவிட்டு திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். அம்மா பி.எஸ்சி. கணிதம், பி.எட்.; தனியார் பள்ளியில் ஆசிரியை. 2020 மார்ச் மாதம் பள்ளிகளை மூடியபோது மூத்தவள் நான்காம் வகுப்பு, நடுவுலவன் யு.கே.ஜி., சின்னவளுக்கு இரண்டு வயது. கம்பெனியும் மூடிக்கிடந்தது. வாடகை கொடுக்க வழியில்லாமல் சொந்த ஊருக்கு, ஆத்தாவின் பண்ணைக்கு வந்தார்கள். 2021 நவம்பரில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தபோது இவர்கள் திரும்பிப் போகவில்லை. ‘கொள்கை, கிள்கையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. இங்க வந்து ஒன்றரை வருசத்துல பட்டி பெருகிருச்சு, பிள்ளைங்களும் நல்லாப் படிச்சுட்டு இருந்தாங்க. அப்படியே விட்டுட்டோம்’ என்கிறார் அப்பா.

மொத்த நிலம் ஐந்தரை ஏக்கர். அதில் நாலரை ஏக்கர் கொரங்காடு, மீதி ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனம். மேச்சேரி செம்மறி 30 பெட்டை, ஒரு கிடாய். காங்கேயம் பசு இரண்டு, கலப்பினப் பசு ஒன்று, நாட்டுக்கோழி இருபத்தைந்து. கிணற்றுப் பூமியில் கோ.எஃப்.எஸ்.29 தீவனச்சோளமும் வேலிமசாலும் போட்டிருக்கிறார்கள்.

கொரங்காடு இல்லையென்றால் இந்தக் கதையே கிடையாது. மற்ற ஊர்களில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்கிற இந்தப் பகுதியில், காட்டைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நெருக்கி வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் இருக்கும்படி பல தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். காலையில் படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விட்டால் சாயங்காலம் வரை அவை பாட்டுக்கு மேயும். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகும். ஆட்டின் பின்னால் ஒரு ஆள் குச்சியோடு நடக்க வேண்டியதில்லை. திறந்தவெளி மேய்ச்சல் உள்ள ஊரில் ‘வீட்டுக்கல்வி’ என்று ஆரம்பித்தால், ஆறே மாதத்தில் அந்தப் பிள்ளை ஆடு மேய்க்கிற பிள்ளையாகிவிடும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் யாரும் இதில் இறங்கக்கூடாது.

காலை ஐந்தரைக்குப் பால் கறவை. அது அப்பாவும் ஆத்தாவும். பிள்ளைகள் ஆறரைக்கு எழுந்து, கட்டுத்தரைச் சாணி அள்ளி, கொடாப்பில் அடைத்திருக்கும் குட்டிகளைத் தாயிடம் விட்டு, கோழியைத் திறந்துவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு வரை வேப்பமரத்தடியில் பாடம். சமச்சீர்ப் பாடப்புத்தகங்கள்தான். பாடநூல் கழகத்தில் வாங்கியவை பாதி, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொண்டவை பாதி. மத்தியானம் வாசிப்பு, தூக்கம், விளையாட்டு. நாலு மணிக்கு மேல் பண்ணைக் கணக்கு.

இந்தப் பண்ணைக் கணக்குதான் மற்றவர்களுக்கும் பயன்படும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் வீட்டிலும் சாயங்காலம் அரை மணி நேரம் செய்யலாம்.

ஒரு பெரிய பேரேட்டில் ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்கம். கிடாய் சேர்ந்த தேதியை எழுதி, அதிலிருந்து 150 நாள் எண்ணுவது நடுவுலவன் வேலை. ஆடிப்பெருக்கன்று, ஆகஸ்ட் 3-ல் சேர்ந்தால் டிசம்பர் 31 வருகிறது. மாதத்துக்கு 30, 31 என்று மாறுவதால் விரல்விட்டு எண்ணினால் தப்பும். மூன்று நாள் முன்பின்னாகத்தான் ஈனும் என்பதையும் அவனே பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறான். பசுவுக்கு 280 நாள், அடைகாக்கும் கோழிக்கு 21 நாள். பிறந்த குட்டியைச் சாக்கில் தூளி போலக் கட்டி, தொங்கு தராசில் மாட்டி எடை பார்க்கிறார்கள். பிறக்கும்போது 2.4 கிலோ இருந்த குட்டி, 90 நாளில் 9.6 கிலோ. கூடியது 7,200 கிராம். நாளுக்கு 80 கிராம். அதே நாளில் பிறந்த இன்னொன்று 55 கிராம்தான் கூடியிருக்கிறது. ஏன்? தாய்க்குப் பால் குறைவா, குடற்புழுவா, முதல் ஈத்தா? தசமக் கணக்கில் ஆரம்பித்துக் கால்நடை வளர்ப்பில் போய் முடிகிறது. இந்த நோட்டைப் பார்த்துத்தான் இப்போது எந்தப் பெட்டையைக் கழிப்பது என்று அப்பா முடிவு செய்கிறார். முன்பெல்லாம் சந்தைக்குப் போகிற நாள் எது கைக்குச் சிக்கியதோ அதுதான் விற்பனைக்கு.

மழைமானி ஒன்று உண்டு. அளவு குறிப்பது சின்னவள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அப்படியென்றால் 20 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு ஏக்கரில் விழுந்தது 80,940 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏறக்குறைய ஏழு லாரி. இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான், கோடையில் லாரித் தண்ணீருக்குக் கொடுத்த காசை நினைத்து, காட்டின் தாழ்வான மூலையில் ஒரு குட்டை வெட்டலாம் என்று அப்பாவுக்குத் தோன்றியதாம்.

மடிநோய்க்கான மூலிகைக் கலவை விகிதப் பாடம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். பாதி அளவு அரைக்க வேண்டுமென்றால் எவ்வளவு? சுண்ணாம்பைக் கூட்டிவிட்டால் மடி வெந்துவிடும் என்பதால், இதில் தப்பாகக் கணக்குப் போட்டால் மார்க் போவதோடு நிற்காது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்வது, அசைபோடும் மாட்டின் நான்கு அறை வயிறு, பால் சங்கத்தில் கொழுப்பையும் இதர திடப்பொருளையும் வைத்து விலை போடும் அட்டவணையை வாசிப்பது என்று இப்படிச் சொல்லிக்கொண்டே போகலாம்.

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு வருடம் முன்பு, கிடாய் சேர்த்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம். மழைக்கு முந்தி குடற்புழு நீக்கம் செய்துவிட வேண்டும் என்று அப்பா அல்பெண்டசோல் மருந்தை வாங்கி வந்துவிட்டார். 2.5 சதவீதக் கரைசல். ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து. கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்றால் 20 கிலோ ஆட்டுக்கு 150 மில்லிகிராம், அதாவது 6 மில்லி. மூத்தவள் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, ஆங்கிலப் பாடத்துக்காக அந்த லேபிளை எழுத்துக் கூட்டி முழுவதும் வாசித்திருக்கிறாள். சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக்கூடாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.

‘அப்பா, இருங்க. இப்பக் கொடுத்தா கரு சிதைஞ்சுரும்னு போட்டிருக்குதுப்பா.’

‘வருசா வருசம் கொடுக்கறதுதான கண்ணு.’

‘வருசா வருசம் கிடாய் சேர்த்த தேதியை யாரு எழுதி வெச்சா?’

கால்நடை மருத்துவரிடம் போனில் கேட்டார்கள். அவள் சொன்னது சரி. மருத்துவர் ஃபென்பெண்டசோலுக்கு மாற்றிக்கொடுத்தார். அந்த ஈத்தில் 26 குட்டி. எத்தனை போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு முந்தின இரண்டு வருடம் ‘இந்த ஆடு சினை நிக்கல’ என்று கழித்துவிட்ட பெட்டைகளைப் பற்றி அப்பா இப்போதும் பேசுவார். அன்றிலிருந்துதான் மூத்தவளுக்குக் கால்நடை மருத்துவராக வேண்டும் என்ற ஆசை. வாசகர்களுக்கும் சொல்லிவிடலாம். சினை ஆடுகளுக்கு எந்தக் குடற்புழு மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இதுவரை படித்தவர்களுக்கு ‘நாமும் டி.சி. வாங்கிவிடலாமே’ என்று தோன்றலாம். அதற்கு முன் ஆத்தா சொல்வதைக் கேட்க வேண்டும்.

ஆத்தாவுக்கு எழுபத்திரண்டு வயது. மூன்றாவதோடு படிப்பை நிறுத்தி ஆட்டுக்குப் பின்னால் அனுப்பப்பட்டவர். ‘எங்கப்பன் என்னையும் இப்படித்தான் சொன்னாரு. காடுதான் பள்ளிக்கூடம், ஆடுதான் வாத்தியார்னு. எம்பட கையெழுத்தைப் போடக் கத்துக்கவே எனக்கு நாப்பது வயசாச்சு. இதுகளை இஸ்கூலுக்கு அனுப்புங்கடான்னு நானும் அஞ்சு வருசமாச் சொல்றேன்’ என்கிறார். பேச்சில் விளையாட்டு இல்லை.

ஆத்தாவின் பயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953-ல் கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து, 1954-ல் கைவிட வைத்தது இந்த மாநிலம். காந்தியடிகள் 1937-ல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியாகக் கற்பதைத்தான் சொன்னது. ஆனால் கைத்தொழில் வழியாகப் படிப்பது வேறு, படிப்புக்குப் பதிலாகக் கைத்தொழில் என்பது வேறு. பட்டதாரி அம்மா இருக்கும் வீட்டில் முதலாவது நடக்கலாம். அம்மாவும் அப்பாவும் நாள் முழுக்கக் காட்டில் நிற்கிற வீட்டில் இரண்டாவதுதான் நடக்கும். கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்பது பாடம் மட்டுமல்ல. காலையும் மத்தியானமும் சாப்பாடு, சீருடை, புத்தகம், சைக்கிள், சாதி பாராமல் பக்கத்தில் உட்காரும் இன்னொரு பிள்ளை.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை கல்வியைக் குழந்தையின் உரிமையாக்குகிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் சொல்கிறது. வீட்டுக்கல்வி என்ற சொல் அதில் இல்லை. பெற்றோருக்குத் தண்டனையும் இல்லை. அதனால் வருடா வருடம் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியர்கள் இந்த வீட்டுப் படியையும் ஏறுவார்கள். அம்மா கோபப்படுவதில்லை, நோட்டுகளை எடுத்துக் காட்டுவார். ‘அவங்க வேலையை அவங்க செய்யறாங்க. கேக்காம விட்டாத்தானே தப்பு’ என்பார். இன்னொன்று, குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016 திருத்தத்தின்படி 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை குடும்பத் தொழிலில் உதவலாம், ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகு அல்லது விடுமுறையில் மட்டும், ஆபத்தில்லாத வேலையில் மட்டும். பண்ணையில் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளி நேரமே கிடையாது என்று வாதாடக்கூடாது. ஒன்பது முதல் பன்னிரண்டு மணி வரை இந்த வீட்டில் எந்த ஆடு கத்தினாலும் பிள்ளைகள் எழுந்திருக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம்.

தட்டு வெட்டும் இயந்திரம், கிணற்றுமேடு, கிடாய், உண்ணிக்கு அடிக்கும் மருந்து. இந்த நான்கின் பக்கமும் பிள்ளைகள் போகக்கூடாது.

அப்படியும் சில விஷயங்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க முடிவதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதும் எல்லோரும் அறிந்தது. இந்தப் பட்டியிலும் ஒரு விடியற்காலையில் ஐந்து பெட்டையும் இரண்டு குட்டியும் போயின. செத்துக்கிடந்த தாயின் மடியில் பத்து நாள் குட்டி ஒன்று முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. முதலில் பார்த்தது நடுவுலவன். அன்றைக்குப் பாடம் இல்லை. பையன் சாப்பிடவும் இல்லை. சாயங்காலம்தான் வாயைத் திறந்து, ‘அந்தக் குட்டிக்கு எவ்வளவு பால் ஊத்தணும்மா?’ என்று கேட்டான். மூன்று கிலோ குட்டி. எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம். 300 முதல் 450 மில்லி, நான்கு வேளையாக. காய்ச்சி ஆற வைத்த பசும்பாலைப் பாட்டிலில் கொடுத்து அவனே வளர்த்தான். நாய் கடித்துப் பிழைத்த ஆடுகளைப் பிள்ளைகளைத் தொடவிடாமல், பெரியவர்கள் கையுறை போட்டு, காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரை வரவழைத்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். செத்தவற்றுக்குப் பிரேதப் பரிசோதனைச் சான்றும் வாங்கினார்கள். அது இல்லாமல் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. அந்தக் குட்டி கிடாயாக வளர்ந்து, போன சித்திரையில் விலைக்குப் போனது. விற்ற காசில் பாதியைப் பையன் பெயரில் அஞ்சலகத்தில் போட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது அவன் வீட்டுக்குள் போய்விட்டானாம்.

அம்மாவிடம் தனியாகப் பேசினால் வேறு கணக்கு வருகிறது. வருடத்துக்கு விற்கிற 22 குட்டியில் ஏறக்குறைய ₹1,32,000. அதோடு பால். தீவனம், மருந்து, லாரித் தண்ணீர் போக மாதம் ₹15,000 நின்றால் அதிகம். அவர் பள்ளி வேலையை விட்டதில் போன சம்பளத்தை யாரும் இந்தக் கணக்கில் எழுதுவதில்லை. ‘வீட்டுக்காரருக்குக் காட்டு வேலை. பிள்ளைகளுக்குப் படிப்பு வேலை. எனக்கு ரெண்டும். ஞாயித்துக்கிழமைகூட இல்லைங்க.’ வரலாறு, புவியியல் தன்னால் சரியாக நடத்த முடியவில்லை என்கிறார். அறிவியலில் ஆய்வகம் இல்லாமல் படத்தைப் பார்த்துப் படிக்கும் பாடங்கள் நிற்கவில்லை. நடுவுலவன் ஒன்பது வயது வரை தடுமாறித்தான் வாசித்தான். பள்ளியில் இருந்திருந்தால் ஒரு ஆசிரியர் முன்பே கண்டுபிடித்திருப்பார் என்று அவருக்கு ஒரு உறுத்தல். வாரத்துக்கு ஒருமுறை நூலகத்துக்கும், மாதத்துக்கு ஒருமுறை சந்தைக்கும் போனால் போதுமா? கல்யாண வீட்டில் ‘எந்த ஸ்கூல்?’ என்று யாராவது கேட்டால் மூத்தவள் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள்.

பலர் யோசிக்காத ஒன்று உண்டு. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசி, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் குடற்புழு மாத்திரை, வாராந்திர இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் பெரும்பாலும் பள்ளியில்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கு நாமேதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அங்கன்வாடிக்கும் அழைத்துப் போக வேண்டும். சாணியிலும் மண்ணிலும் புழங்குகிற பிள்ளைக்கு இவை கூடுதலாகவே தேவை. ஆட்டுக்குத் தேதி தவறாமல் குடற்புழு நீக்கிவிட்டுப் பிள்ளையை மறந்த வீடுகள் உண்டு. இந்த வீட்டில் இப்போது பேரேட்டில் பெட்டைகளின் பக்கங்களுக்குப் பிறகு மூன்று பிள்ளைகளுக்கும் பக்கம் இருக்கிறது.

இனி, இந்தக் குடும்பத்தைக் கடந்த சில மாதங்களாகத் தூங்கவிடாத விஷயம்.

மூத்தவள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை அரசுத் தேர்வுகள் இயக்ககம் வழியாக எழுதித் தேறியவள். பன்னிரண்டரை வயது நிறைந்தால் இதை எழுதலாம். அடுத்தது பத்தாம் வகுப்புத் தனித்தேர்வு. பதினான்கரை வயது வேண்டும். அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே பதிவு செய்து, ஒதுக்கும் பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். அதைத் தவறவிட்டால் தேர்வு எழுத முடியாது. (தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவும் பத்தாவது எழுதலாம். அங்கே 14 வயது, ஐந்து பாடம், ஐந்து வருட அவகாசம். ஆனால் பிள்ளை பின்னால் போகப்போகிற கல்லூரியும் வேலையும் அந்தச் சான்றிதழை ஏற்குமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.) கால்நடை மருத்துவப் படிப்புக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண் வேண்டும். அதற்காக அவளைப் பிளஸ் ஒன்னில் அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்ப்பது என்று எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். விவரம் கேட்கப் பள்ளிக்குப் போன அன்றுதான் தலைமையாசிரியை கேட்டிருக்கிறார்: ‘ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கவில்லையா? 7.5 சதவீதம் போச்சே.’

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது; 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிவானது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் ₹1,000 தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் அடிப்படை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் பிறகு நீட்டித்தார்கள். மூத்தவளுக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. அவள் பொதுப் போட்டியில்தான் இடம் பிடிக்க வேண்டும். அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். ‘எழுதிப் பாத்துக்கறேம்மா’ என்று அவள்தான் தேற்றியிருக்கிறாள்.

நடுவுலவனுக்கு இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு வயது. அவனுக்குக் கதவு இன்னும் திறந்திருக்கிறது, இந்த ஒரு வருடம் மட்டும்.

வீடு இரண்டாகப் பிரிந்தது. பையன் காட்டில் எவ்வளவு நன்றாக இருக்கிறான், வகுப்பில் கொண்டுபோய் அடைக்க வேண்டுமா என்பது அப்பாவின் கேள்வி. ஆத்தா பக்கம் எது என்று சொல்லத் தேவையில்லை. அம்மாவுக்கு இரண்டும் சரியாகப் பட்டது. கடைசியில் பையனிடமே கேட்டார்கள்.

‘அங்க கிரிக்கெட் டீமு இருக்குதா?’

‘இருக்குதாம் கண்ணு.’

‘அப்ப போறேன். குட்டிக எடை மட்டும் ஞாயித்துக்கெழம நாந்தான் போடுவேன்.’

நாலு கிலோமீட்டரில் உள்ள அரசுப் பள்ளியில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. டி.சி. இல்லை என்பதற்காகவோ, இத்தனை வருடம் எங்கே போனாய் என்றோ எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்ப முடியாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவே சொல்கிறது. சின்னவளுக்கு ஏழு வயது. அவளை ஐந்தாவது வரை வீட்டில் வைத்துக்கொண்டு ஆறாவதில் சேர்ப்பதா, இப்போதே அண்ணனோடு ஊருக்குள் அனுப்புவதா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆத்தா ஏற்கெனவே பை வாங்கி வைத்துவிட்டார்.

வாசகர்கள் கேட்ட மற்றவை

‘எங்கள் வீட்டில் யாரும் பத்தாவதைத் தாண்டவில்லை. நாங்கள் வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமா?’ வேண்டாம். பள்ளிக்கு அனுப்புங்கள். சாயங்காலம் மேலே சொன்ன பேரேடு, எடை, மழைமானி மூன்றையும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பண்ணைக்கும் லாபம், பிள்ளைக்கும் லாபம்.

‘ஆடு ஈனும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்கலாமா?’ தள்ளி நின்று பார்க்கலாம். நஞ்சுக்கொடி, கருச்சிதைவான குட்டி, ஈன்ற இடத்து ஈரம் எதையும் வெறும் கையால் தொடக்கூடாது. புரூசெல்லோசிஸ் என்னும் கன்றுவீச்சு நோய் மனிதருக்கும் வரும். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக்கூடாது. 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கு ஆயுளில் ஒரே ஒரு முறை தடுப்பூசி போடுகிறார்கள். அது உயிருள்ள கிருமியில் செய்த மருந்து. ஊசி போடும் நேரத்தில் பிள்ளைகளைக் கட்டுத்தரைப் பக்கமே விடாதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய், துள்ளுமாரி, கோமாரித் தடுப்பூசித் தேதிகளைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு, பிள்ளையின் கையெழுத்திலேயே பட்டிச் சுவரில் எழுதி வையுங்கள்.